மாமனார் ஐசியூவில், ஐரோப்பா டிக்கெட் கையில்: கேன்சல் செய்தால் எவ்வளவு திரும்பும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஒரு குடும்பம்: கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். அடுத்த மாதம் பாரிஸ், சுவிட்சர்லாந்து என்று பன்னிரண்டு நாள் பயணம். டிக்கெட், ஓட்டல் எல்லாம் ஆன்லைனில் அவர்களே போட்டது. விசாவும் வந்துவிட்டது. போன வாரம் மனைவியின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐசியூவில் சேர்த்திருக்கிறார்கள். "விசாவுக்காக எடுத்த டிராவல் இன்சூரன்ஸ் இருக்கிறது. இப்போது கேன்சல் செய்தால் பணம் வருமா? கடைசி வரை பொறுத்துப் பார்க்கலாமா?" என்று கணவர் கேட்கிறார்.

முதலில் பெரியவர் நல்லபடியாக எழுந்து வரட்டும். டிக்கெட் வேலையும் அப்புறம் இன்சூரன்ஸ் கிளைம் வேலையும் பார்த்தவன் என்ற முறையில், தெரிந்ததைச் சொல்கிறேன்.

உடனடிப் பதில் இதுதான்: இன்றைக்கே அவசரப்பட்டுக் கேன்சல் பட்டனை அமுக்காதீர்கள். ஆனால் சும்மாவும் இருக்காதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்புங்கள்: இன்ன பாலிசி எண், இன்ன தேதியில் பயணம், மாமனார் இன்ன தேதியில் அட்மிட் ஆனார், பயணம் ரத்தாகலாம். இவ்வளவு போதும். போனில் சொல்வது கணக்கில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசினாலும் புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு மெயிலிலும் போடுங்கள். பிற்பாடு "தகவல் தரத் தாமதம்" என்று ஒரு வரியில் கிளைமைத் தட்டிக்கழிக்க இடம் கொடுக்காமல் இருப்பதற்காக இது.

அடுத்து, பாலிசியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பக்க விதிமுறைப் புத்தகம் இப்போது வேண்டாம். முதல் இரண்டு மூன்று பக்கங்களில் ஓர் அட்டவணை இருக்கும்: ஒரு பக்கம் பாதுகாப்பின் பெயர், அடுத்து டாலரிலோ யூரோவிலோ தொகை, அடுத்து நீங்களே ஏற்க வேண்டிய கழிவுத் தொகை. அதில் 'டிரிப் கேன்சலேஷன்' என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இல்லாமல் போக நல்ல வாய்ப்பு உண்டு. பிரான்ஸ், சுவிட்சர்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கேட்கும் இன்சூரன்ஸின் நோக்கமே வேறு. குறைந்தது 30,000 யூரோ மருத்துவப் பாதுகாப்பு, அவசரச் சிகிச்சை, இறந்துபோனால் உடலை ஊருக்கு அனுப்பும் செலவு: தூதரகம் கேட்பது இவ்வளவுதான். நீங்கள் அங்கே போய் விழுந்தால் அந்த நாட்டு ஆஸ்பத்திரிக்குப் பணம் கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. நீங்கள் திருச்சியிலேயே நின்றுவிட்டால் உங்கள் டிக்கெட் பணம் என்ன ஆகும் என்பது அவர்கள் கவலை அல்ல. "விசாவுக்குச் சும்மா ஒன்று போடுங்கள், இருப்பதிலேயே கம்மியானது" என்று ஏஜென்ட்டிடம் சொல்லி எடுத்த பாலிசியில் மருத்துவத்தைத் தவிர வேறொன்றும் இல்லாமல் போவது இதனால்தான்.

வரி இருந்தாலும் தொகையைப் பாருங்கள். சிகிச்சைக்கு ஒரு லட்சம் டாலர் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பாலிசியில் பயண ரத்துக்கு 500 டாலர் என்று சின்னதாக இருக்கும். நம் பணத்தில் நாற்பதாயிரம் சொச்சம், அதிலும் கழிவு போகும். நான்கு பேர் ஐரோப்பா டிக்கெட் மூன்று லட்சத்தைத் தொட்டிருந்தால், இந்தத் தொகை ஆளுக்கா, குடும்பத்துக்கே சேர்த்தா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இனிதான் முக்கியமான இடம். எந்த உறவுக்கு உடம்பு சரியில்லை என்றால் பணம் வரும்?

ஒவ்வொரு பாலிசியிலும் 'இம்மீடியட் ஃபேமிலி' என்று ஒரு பட்டியல் உண்டு. கணவன் அல்லது மனைவி, பெற்ற பிள்ளைகள், அப்பா, அம்மா: இவர்கள் பெரும்பாலும் எல்லாப் பட்டியலிலும் இருப்பார்கள். மாமனார் மாமியாரும் உடன்பிறந்தவர்களும் சில பட்டியல்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. உங்கள் விஷயத்தில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. உங்களுக்குத்தான் அவர் மாமனார். உங்கள் மனைவிக்கு அப்பா. மனைவி பெயரிலுள்ள கிளைம் நேராக நிற்கும். பிள்ளைகளுக்கு அவர் தாத்தா. தாத்தா பாட்டி பட்டியலில் இல்லாத பாலிசிகள் நிறைய. அப்போது பிள்ளைகள் டிக்கெட்டுக்கு என்ன வழி? 'உடன் பயணிப்பவர் போக முடியாமல் போனால்' என்ற காரணத்தை உங்கள் பாலிசி ஏற்கிறதா என்று பாருங்கள். ஏற்றால் அந்த வழியாக உங்களுடையதையும் பிள்ளைகளுடையதையும் கேட்கலாம். நான்கு பேருக்கும் ஒரே காரணத்தை எழுதி ஒரே ஃபாரத்தில் அனுப்புவதுதான் வழக்கமாக நடப்பது. அப்படி அனுப்பினால் மனைவியுடையதும் சேர்ந்து இழுத்தடிக்கப்படும். ஆளுக்கு ஆள் உறவையும் காரணத்தையும் தனித்தனியாக எழுதுங்கள்.

நம் ஊர்க் குடும்பமும் பாலிசியின் குடும்பமும் ஒன்றல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பெரியப்பா இறந்தால் பங்காளிகளுக்குத் தீட்டு; பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை வெளியூர்ப் பயணத்தை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். பிள்ளையில்லாத சித்தப்பாவுக்குக் கொள்ளி போட வேண்டியவரே நீங்களாக இருக்கலாம். தாய்மாமன் போய்விட்டால் அம்மாவை விட்டுவிட்டு எப்படி விமானம் ஏறுவது? பாலிசிக்கு இவர்கள் மூவரும் யாரோ. சடங்குக்காக நிற்கிறோம் என்பதும் அதன் கணக்கில் ஒரு காரணமே இல்லை. அப்பாவே இறந்து, காரியம் முடிந்து முப்பது நாள் கழித்துப் பயணம் இருந்தால், 'துக்கத்தில் போக மனமில்லை' என்பதையும் கம்பெனி ஏற்காமல் போகலாம். பயணத் தேதிக்கு இத்தனை நாள் முன்புக்குள் நடந்த இறப்பு என்று எல்லை வைத்திருக்கும் பாலிசிகள் உண்டு. கூட்டுக்குடும்ப வீட்டில் வாழ்கிறவர்கள் இன்சூரன்ஸை நம்புவதைவிடத் தேதி மாற்றிக்கொள்ளும் டிக்கெட்டை நம்புவது மேல் என்று நான் சொல்வது இதனால்தான். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உறவை நிரூபிக்க என்ன காட்டுவது என்று நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசுக்கு ஓட வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர், அம்மா பெயர் அச்சாகியிருக்கும். உங்கள் மனைவியின் பாஸ்போர்ட்டில் அந்தப் பக்கத்தைக் காட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. ஒரு சிக்கல் மட்டும் வரும்: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் 'சுப்பையா ராமசாமி' என்று விரிந்திருக்கும், ஆஸ்பத்திரி ரெக்கார்டில் 'எஸ். ராமசாமி' என்று இருக்கும், ஆதாரில் வெறும் 'ராமசாமி' என்று இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள் என்று பார்த்தவுடன் தெரியும். மும்பையில் உட்கார்ந்து கிளைம் பார்க்கிறவருக்கு மூன்று பேர். கேள்வி வருவதற்கு முன்பே அவருடைய ஆதார் நகலையும் சேர்த்து, "இவை மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன" என்று கையெழுத்திட்டு ஒரு தாள் வையுங்கள்.

சரி, உறவு தேறிவிட்டது. அடுத்த தடை நோய்.

பாலிசி எடுத்த நாளில் அந்த நோய் ஏற்கெனவே இருந்ததா என்று பார்ப்பார்கள். பயணம் போகிறவரின் பழைய நோய்க்கு மட்டும் இந்த விலக்கு என்று நினைப்போம். ரத்துக்குக் காரணமான உறவினரின் பழைய நோயையும் சேர்த்து விலக்கும் பாலிசிகள் இருக்கின்றன. அவர்கள் இதை எங்கிருந்து எடுப்பார்கள் தெரியுமா? டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரியிலிருந்து. "பதினைந்து வருடமாகச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்" என்று டாக்டர்கள் சுருக்கெழுத்தில் எழுதும் ஒரு வரி. அட்மிஷன் நேரத்தில், அரக்கப்பரக்க ஓடிவந்த பதற்றத்தில், டூட்டி டாக்டர் கேட்டதற்கு யாரோ சொன்ன பதில் அது. உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஐந்து வருடம் என்பது பதினைந்து என்று பதிவாகியிருந்தால், அல்லது இல்லாத நோய் ஏறியிருந்தால், டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டுத் திருத்தச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு திருத்தினால் அதையே சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

ரத்தக்கொதிப்பு இருந்தது உண்மையே என்றால் கதை முடிந்துவிட்டது என்றும் இல்லை. பக்கவாதம் புதிதாக வந்த ஒன்று, எதிர்பாராதது. பாலிசியின் வாசகம் 'அந்த நோயின் நேரடி விளைவு' என்கிறதா, 'தொடர்புடைய எதுவும்' என்கிறதா என்பதில் உங்கள் வாதம் நிற்கும். அந்த வாசகத்தை அப்படியே எடுத்துப்போட்டுக் கேளுங்கள்.

டாக்டரிடம் வாங்கும் கடிதமும் இதே அளவுக்கு முக்கியம். நம் ஊரில் லெட்டர்பேடில் "ஓய்வு தேவை" என்று இரண்டு வரி எழுதி முத்திரை குத்திக் கொடுப்பார்கள். ஆபீஸ் லீவுக்கு அது போதும், கிளைமுக்குப் போதாது. அட்மிட் ஆன தேதியும் நேரமும், நோய் என்ன, எவ்வளவு தீவிரம், உயிருக்கு ஆபத்து இருக்கிறதா, உங்கள் பயணத் தேதிகளில் அவர் எந்த நிலையில் இருப்பார் என்று எதிர்பார்க்கிறார், மகள் உடனிருப்பது ஏன் அவசியம், டாக்டரின் பதிவு எண்: இவ்வளவும் அதில் வர வேண்டும். பயணத் தேதியைக் கடிதத்திலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி இல்லாமல், "அட்மிட் ஆனது போன மாதம், பயணம் இந்த மாதம், இடையில் குணமாகிவிட்டாரே" என்று திருப்பி அனுப்பப்பட்ட கிளைம்களைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் ரவுண்ட்ஸில் நிற்கும்போது கேட்காதீர்கள். என்னென்ன வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஓபி நேரத்தில் கொடுங்கள், மறுக்க மாட்டார். தெரிந்த கிளினிக்கில் பொய்ச் சான்றிதழ் வாங்கும் யோசனையை யாராவது கொடுப்பார்கள். ஆஸ்பத்திரிக்கே ஆள் அனுப்பி ரெஜிஸ்டரைப் பார்க்கிறார்கள். வேண்டாம்.

இனி விமான டிக்கெட். உண்மையில் பணம் அதிகம் தேறுவதோ போவதோ இங்கேதான்.

'நான்-ரீஃபண்டபிள்' என்று போட்டிருந்தால் ஒரு பைசா வராது என்று நினைத்துக் கேன்சல்கூடச் செய்யாமல் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். டிக்கெட் தொகை மூன்று துண்டுகளால் ஆனது: அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கூடுதல் கட்டணம், வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும். இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, 2016இல் திருத்திய விதிப்படி, கேன்சல் கட்டணம் என்று ஒரு விமான நிறுவனம் பிடிப்பது முதல் இரண்டு துண்டுகளின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது. நீங்கள் பறக்காத பயணத்துக்கான வரியும் விமான நிலையக் கட்டணமும் திரும்ப வர வேண்டும், டிக்கெட் எந்த வகையாக இருந்தாலும். ஐரோப்பா டிக்கெட்டில் இந்த மூன்றாவது துண்டே ஆளுக்குச் சில ஆயிரங்கள் வரும். இ-டிக்கெட்டின் கீழே குறியீடுகளோடு வரிசையாக இருக்கும், கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஒரு திருப்பம் உண்டு. இந்த விதி இந்திய நிறுவனங்களுக்கு. சென்னையிலிருந்து வளைகுடா வழியாகவோ ஐரோப்பிய நிறுவனத்திலோ போகிறீர்கள் என்றால், ரீஃபண்ட் அந்த நிறுவனத்தின் சொந்த நாட்டு விதிகளைப் பின்பற்றும். டிக்கெட்டின் கட்டண விதிகளை முழுதாகத் திறந்து பாருங்கள். அதில் 'மரணம், தீவிர நோய்' என்ற தலைப்பில் சலுகை இருக்கும் நிறுவனங்கள் உண்டு: பயணியோ நெருங்கிய உறவினரோ இறந்தால் அபராதத்தைத் தள்ளுபடி செய்வது, அல்லது அபராதமின்றித் தேதி மாற்றித் தருவது. இணையதளத்தின் கேன்சல் பக்கத்துக்கு இந்தச் சலுகை தெரியாது. அது வழக்கமான அபராதத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்து ஃபைலை மூடிவிடும். மூடிய பிறகு அழுதால் மிகச் சிலரே திறப்பார்கள். எனவே முதலில் ஆளிடம் பேசுங்கள், கடிதத்தை அனுப்புங்கள், தள்ளுபடி கிடைக்குமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பட்டன் அதற்கு அப்புறம்.

கேட்கும் வரிசையும் முக்கியம். "பணம் திருப்பித் தாருங்கள்" என்று ஆரம்பித்தால் "விதி இல்லை" என்று முடியும். "தேதி மாற்றித் தர முடியுமா, அபராதம் இல்லாமல்?" என்று ஆரம்பியுங்கள், கவுண்டரில் இருப்பவருக்கே அந்த அதிகாரம் சில சமயம் இருக்கும். அது நடக்காவிட்டால் அடுத்த பயணத்துக்கு வரவு வைத்துக்கொள்ளும் முறை, அதுவும் இல்லாவிட்டால் ரீஃபண்ட். வரவாக வாங்கினால் யார் பெயரில், எத்தனை மாதத்துக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். மகன் பெயரில் கிடக்கும் வரவை அப்பா பயன்படுத்த முடியாது என்பது ஆறு மாதம் கழித்துத் தெரிந்து பயனில்லை.

ஆன்லைன் ஏஜென்சி வழியாகப் போட்டிருந்தால் இரண்டு இடத்திலும் அடி விழும்: விமான நிறுவனத்தின் அபராதம் ஒன்று, ஏஜென்சியின் சேவைக் கட்டணம் இன்னொன்று. சேவைக் கட்டணம் திரும்பாது. ஆனால் ஏஜென்சி வழியாகப் போட்டாலும் ரீஃபண்டுக்குப் பொறுப்பு விமான நிறுவனமே என்று டிஜிசிஏ விதி சொல்கிறது. "ஏர்லைன் தரவில்லை" என்று ஏஜென்ட்டும் "ஏஜென்ட்டிடம் கேளுங்கள்" என்று ஏர்லைனும் பந்து உருட்டினால் இந்த விதியைச் சொல்லி, மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் போடுங்கள்.

நான்கு பேரும் நின்றுதான் ஆக வேண்டுமா என்றும் ஒருமுறை யோசியுங்கள். மனைவி மட்டும் அப்பாவோடு இருந்துகொண்டு உங்களையும் பிள்ளைகளையும் போகச் சொல்லும் வீடுகளும் உண்டு. அப்படியென்றால் ஒரே பிஎன்ஆரில் இருக்கும் நால்வரில் ஒருவரைப் பிரிக்கச் சொல்ல வேண்டும். பிரிக்காமல் ஒருவருக்குக் கேன்சல் போடப் போய் மொத்தமும் போய்விடக் கூடாது. இதைப் போனில் பேசித்தான் செய்ய வேண்டும். எது எப்படியோ, கேன்சல் செய்யாமல் விமானத்தை விட்டுவிடாதீர்கள். போகும் பயணத்தில் ஏறாவிட்டால் திரும்பும் டிக்கெட்டும் தானாக ரத்தாகிவிடும், 'நோ-ஷோ' அபராதம் தனி.

ஓட்டல் விஷயம் எளிது. இலவசக் கேன்சல் தேதி எது என்று பாருங்கள். தாண்டவில்லை என்றால் தாண்டுவதற்கு முந்தின நாள் ரத்து செய்யுங்கள். தாண்டிவிட்டால் தளத்தின் வழியாக இல்லாமல் ஓட்டலுக்கே நேராக மெயில் எழுதி, ஆஸ்பத்திரிக் கடிதத்தை இணைத்து, தேதி மாற்றிக் கேளுங்கள். சின்னக் குடும்ப ஓட்டல்கள் பெரிய சங்கிலி ஓட்டல்களைவிட இதில் இளகியவை என்பது என் அனுபவம். சுவிஸ் ரயில் பாஸ், ஈஃபில் கோபுர டிக்கெட் போன்றவற்றில் ரொம்ப நேரம் செலவிடாதீர்கள்.

விசாக் கட்டணம் திரும்பாது. பெரியவர்களுக்கு 90 யூரோ, 2024 ஜூனிலிருந்து. ஆனால் விசா ஸ்டிக்கரை ஒருமுறை உற்றுப் பாருங்கள். நீங்கள் கேட்ட பயணத் தேதிக்கு மேல் பதினைந்து நாள் சலுகைக் காலம் சேர்த்துக் கொடுப்பது ஷெங்கன் வழக்கம். தங்கும் நாட்கள் அதேதான். ஆனால் பத்து நாள் தள்ளிப் போனால் அதே விசாவில் போக முடிகிறதா என்பது அந்த இரண்டு தேதிகளில் தெரிந்துவிடும். முடியும் என்றால் இன்சூரன்ஸ் தேதியையும் பயணத்துக்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து சென்னைக்கு ரயில் டிக்கெட் போட்டிருந்தால்: நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறும், எனவே அதை முதலில் ரத்து செய்யுங்கள். டிக்கெட் போடும்போது 45 காசுக்கு ஐஆர்சிடிசி தரும் இன்சூரன்ஸ் ரயில் விபத்துக்கானது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உறுதியான ரயில் டிக்கெட்டை அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், பிள்ளை, கணவன், மனைவி பெயருக்கு மாற்ற வழி இருக்கிறது. 24 மணி நேரத்துக்கு முன் முன்பதிவு அலுவலகத்தில் உறவுச் சான்றோடு எழுதிக் கொடுக்க வேண்டும். 

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: பொறுத்துப் பார்க்கலாமா? பார்க்கலாம், ஒரு தேதி வரை. விமான அபராதமும் ஓட்டல் பிடித்தமும் எந்தெந்த நாளில் கூடுகின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் ஒரு நாளில் மொத்தமாக எகிறும். அதற்கு இரண்டு நாள் முன்னால் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "நாங்கள் பன்னிரண்டு நாள் ஊரில் இல்லாமல் இருக்கலாமா?" அவர் சொல்வதை வைத்து முடிவெடுங்கள். அதைத் தாண்டி இழுத்தால் இன்சூரன்ஸிலும் அடி விழும். போக முடியாது என்று தெரிந்த பிறகும் கேன்சல் செய்யாமல் இருந்ததால் கூடின நஷ்டத்தை அவர்கள் தர மாட்டார்கள். டாக்டர் கடிதத்தின் தேதிக்கும் கேன்சல் செய்த தேதிக்கும் இடையே மூன்று வாரம் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள், அதில் தவறும் இல்லை.

தைரியமாகக் கிளம்பிப் போய், அங்கே இருக்கும்போது ஏதாவது நடந்துவிட்டால்? அது பயண ரத்து அல்ல, பயணம் பாதியில் முறிவது. பாலிசியில் தனி வரி, தனித் தொகை. 'கம்பாஷனேட் விசிட்' என்ற வரியைப் பார்த்து ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டுக்கு அது உதவும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது நீங்கள் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் படுத்தால் இங்கிருந்து ஒருவர் பார்க்க வருவதற்கானது. கிளம்பும் முன் உதவி எண்ணைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். அவசர டிக்கெட்டை நீங்களே போடுவதற்கு முன் அவர்களிடம் ஒப்புதல் கேட்க வேண்டிய பாலிசிகள் உண்டு.

துக்கத்துக்குப் போகிறவர்களுக்குச் சலுகைக் கட்டணம் தரும் வழக்கம் வட அமெரிக்காவில் சில நிறுவனங்களில் இன்னும் இருக்கிறது. டொராண்டோவில் உறவு உள்ளவர்களுக்கு ஒரு வழக்கு தெரிந்திருக்கும். 2022 நவம்பரில் பாட்டி இறந்து வான்கூவரிலிருந்து டொராண்டோ போக வேண்டிய ஒருவர் ஏர் கனடா தளத்தின் சாட்பாட்டிடம் கேட்டார். முழு விலைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் துக்கச் சலுகை கிடைக்கும் என்றது அது. விண்ணப்பித்தபோது, பயணத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும் என்று நிறுவனம் மறுத்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவில் தீர்ப்பாயம், தன் தளத்தில் சொல்லப்பட்டதற்கு நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, 650 கனடிய டாலர் சொச்சம் நஷ்ட ஈடாகத் தரச் சொன்னது. அந்த உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தது அவருக்குக் கை கொடுத்தது. நீங்களும் விமான நிறுவனத்தோடு சாட்டில் பேசினால் மூடுவதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள்.

கிளைமை மறுத்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்று எண்ணோடு எழுத்தில் கேளுங்கள். பிறகு கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் பதிந்தால் அது நேராக அங்கே போகும், 155255 என்ற எண்ணிலும் பதியலாம். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன், அதாவது இப்படிப்பட்ட புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரி. தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்புத் தரும் அதிகாரம் அவருக்கு உண்டு. மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நாற்பதாயிரத்துக்கு யார் அலைவது என்று விடுகிறவர்களை நம்பித்தான் பல மறுப்புக் கடிதங்கள் எழுதப்படுகின்றன என்பது என் கணிப்பு. விமான நிறுவனத்தின் மீதான புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையான வழக்குக்கு அங்கேயும் கட்டணம் கிடையாது.

அடுத்த முறை டிக்கெட் போடும்போது, வீட்டில் எழுபது தாண்டியவர்கள் இருந்தால், ஆளுக்குச் சில ஆயிரம் கூடக் கொடுத்தாவது தேதி மாற்றும் வசதியுள்ள கட்டணத்தை எடுங்கள். பெரியப்பாவுக்கும் அது செல்லும், தீட்டுக்கும் செல்லும், காரணமே கேட்காது. பயண ரத்து உள்ள இன்சூரன்ஸ் வேண்டும் என்றால் டிக்கெட் எடுத்த அன்றைக்கே எடுங்கள். பிரீமியம் வயது, போகும் இடம், பயண நாட்களின் எண்ணிக்கை போன்றவற்றை வைத்துத்தான். முன்கூட்டி எடுப்பதால் மட்டும் பொதுவாக அது ஏறாது, ஆனால் ரத்துக்கான பாதுகாப்பு அன்றைக்கே ஆரம்பித்துவிடும். மாமனார் அட்மிட் ஆன பிறகு ஓடிப்போய் எடுக்கும் பாலிசி இந்த நோய்க்குச் செல்லாது.

கடைசியாக, பயணமே நடக்காமல் போனால் இன்சூரன்ஸ் பிரீமியத்தையும் திருப்பிக் கேளுங்கள், அதிலிருந்து எந்தக் கிளைமும் போடவில்லை என்றால். பாலிசி தொடங்கும் தேதிக்கு முன்பே எழுதினால் சுலபம். தேதி தாண்டிவிட்டால், போகவில்லை என்று காட்ட நான்கு பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கங்கள் உட்பட, நகலெடுத்து அனுப்பச் சொல்வார்கள்.